அளவில் இல்லை ஆண்மை

சியால்தாவிலிருந்து புறப்படும் லோக்கல் ரயில்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில், ஒரு சின்ன நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வங்காளியில் 'குப்த ரோக்' என்று கொட்டை எழுத்து. ரகசிய நோய் என்று பொருள். அதன் கீழே 'தாது துர்பலதா' என்று இன்னொரு வரி, ஒரு போன் நம்பர், தீர்ந்துவிடும் என்ற கியாரண்டி. ரயிலில் யாரும் அதை நின்று படிப்பதில்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறியவர்களுக்கு இந்த நோட்டீஸ் புதிதல்ல. 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று தொடங்கும் சுவரொட்டிகளையும், மாதத்தில் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்ற பட்டியலையும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பாஷைதான் வேறு, பயம் ஒன்றுதான். விந்து நீர்த்துவிட்டது, விந்து குறைந்துவிட்டது, அதனால் ஆண்மை போய்விட்டது என்கிற பயம்.

ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரத்தில் மூன்று தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். முருங்கைக்காயும் பில்டர் காபிப் பொடியும் கிடைக்கும் இடம். அங்கே குடியிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் பெயரோடு பேச முன்வருபவர்கள் குறைவு. வயது 38. டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. சர்க்கரை நோய் வந்து பத்து வருடமாகிறது. மாத்திரையை அவ்வப்போது மறந்துவிடுவார், ரசகுல்லாவை மறக்கமாட்டார்.

இந்த ஏழு வருடத்தில் டாக்டர்களிடம் போய்வந்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. மனைவிதான். ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனை, மாதத்தில் இத்தனையாவது நாள் என்று கணக்கிட்டு ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே, கடைசியில் வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி. எல்லாம் நார்மல். ஊரிலிருந்து மாமியார் போன் செய்யும்போது, "ராமேஸ்வரம் போயிட்டு வாங்களேன்" என்பார். மருமகள் "சரிங்க அத்தை" என்பாள். காளிகாட்டுக்கும் போயாகிவிட்டது.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. இரண்டு வருடமாகவே வெளியாகும் விந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. பிறகு சில துளி. சில நாள் அதுவும் இல்லை. உச்சத்தின் உணர்வில் பெரிய மாற்றம் கிடையாது. வெளியே வருவதுதான் இல்லை. மனைவியிடம் சொல்லவில்லை. மனைவியைப் பரிசோதித்த டாக்டர் இவரைக் கேட்கவில்லை. ஆபீஸ் சிநேகிதர்களிடம் பேசுகிற விஷயமும் அல்ல. மிச்சமிருந்தது ரயில் நோட்டீஸ்தான். எட்டு மாதம் லேகியம் சாப்பிட்டார். லேகியத்தில் இனிப்பு இருந்தது, சர்க்கரை ஏறியது. மற்றபடி மாற்றம் இல்லை.

இவரைப் போன்றவர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அது வெகுதூரம் போகிறது. ஆயுர்வேதம் உடம்பை ஏழு தாதுக்களாகப் பிரித்தது. ரசம், ரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, கடைசியில் சுக்கிலம். ஒன்றிலிருந்து ஒன்று வடிகட்டி வருவதாகக் கணக்கு. கடைசியில் வருவதால் சுக்கிலம்தான் சாரத்தின் சாரம். நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்தாகிறது என்ற வாய்மொழி இந்த வரிசையிலிருந்து பிறந்ததுதான். அதை நம்புகிறவனுக்கு இரவில் தூக்கத்தில் வெளியாவதும் நஷ்டம், சிறுநீர் கொஞ்சம் கலங்கலாகப் போனாலும் நஷ்டம். உடம்பு கரைந்துபோகிறது என்று நினைத்துச் சோர்ந்துபோகிற இந்த நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாது நோய்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். மருத்துவ நூல்களில் அந்த இந்தியச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

இது இந்தியர்களின் தனி மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் டிஸ்ஸோ என்ற டாக்டர் இதே பயத்தைப் புத்தகமாக எழுதினார். ஐரோப்பா முழுவதும் அதைப் படித்து நடுங்கியது. அங்கே பயம் காலப்போக்கில் தேய்ந்தது. இங்கே ரயிலில் ஒட்டியிருக்கிறது.

உண்மையில் விந்து என்பது என்ன? ரத்தத்தின் சாரம் அல்ல. உமிழ்நீர் எப்படி வாயில் சுரக்கிறதோ அப்படிச் சில சுரப்பிகளில் சுரக்கும் நீர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறிய விந்துப் பைகளிலிருந்து வருகிறது. விந்தணுக்களுக்குத் தீனியான பிரக்டோஸ் சர்க்கரை அதில்தான் இருக்கிறது. மீதியில் பெரும் பகுதி புரோஸ்டேட் சுரப்பியுடையது. குழந்தையை உண்டாக்கும் விந்தணுக்கள் விதைகளிலிருந்து வருகின்றன. மொத்த அளவில் அவற்றின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இருப்பது அரிது. 1677இல் ஹாலந்தின் லேவன்ஹூக் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கு ஒன்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அளவு என்பது பஸ், விந்தணுக்கள் பயணிகள். பெரிய பஸ் காலியாகப் போகலாம். சின்ன வண்டியில் கூட்டம் நிரம்பி வழியலாம். நிறைய வெளியாகிறது என்பதால் குழந்தை பிறக்கும் என்று சொல்லமுடியாது; கொஞ்சம் குறைந்தது என்பதால் பிறக்காது என்றும் சொல்லமுடியாது. இரண்டுக்கும் ஆண்மைக்கும், அதாவது ஆசைக்கும் விறைப்புக்கும், நேர்த் தொடர்பு கிடையாது.

இந்தக் குழப்பத்தின் விலை வீட்டுக்குள் மட்டும் கொடுக்கப்படுவதில்லை. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் செய்வதெல்லாம் விதையிலிருந்து வரும் மெல்லிய குழாயை வெட்டிக் கட்டுவது. பிறகும் விந்து வரும்; அளவில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்காது; அணுக்கள் மட்டும் இருக்காது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், லட்சக்கணக்கான ஆண்களை அள்ளிக்கொண்டுபோய் இந்த ஆபரேஷனைச் செய்தபோது, யாரும் இதை உட்காரவைத்து விளக்கவில்லை. ஆண்மையை வெட்டிவிட்டார்கள் என்ற பேச்சுதான் ஊர் ஊராகப் பரவியது. விளைவு இன்றுவரை தொடர்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். ஆணுடைய ஆபரேஷன்தான் எளிது, ஆபத்து குறைவு. ஆனால் மேஜையில் படுப்பது பெண்.

சரி, அளவு குறைந்தால் கவலையே வேண்டாமா? அப்படியும் இல்லை. குறைவு ஒரு நோய் அல்ல, ஒரு தகவல். சில சமயம் அதில் ஒன்றும் இருக்காது. சில சமயம் முக்கியமான செய்தி இருக்கும். எது என்று தெரிந்துகொள்ள லேகியம் உதவாது, லேபரட்டரி உதவும்.

எவ்வளவு இருந்தால் சரி என்பதிலும் மந்திர எண் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் குறைந்தபட்சம் 2 மில்லி என்றது. 2010இல் 1.5 ஆயிற்று. 2021இல் 1.4. இயற்கையாகத் தகப்பனான ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேயும் தகப்பன்கள் இருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். டீ ஸ்பூன் ஒன்றின் கொள்ளளவு 5 மில்லி. ஆக, கால் ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும். அரை டம்ளர் எதிர்பார்ப்பவர்கள் தங்கள் அறிவை எங்கிருந்து பெற்றார்கள் என்பது வேறு கதை.

பரிசோதனையில் அளவு குறைந்து காட்டுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் உடம்பில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. பில் கட்டும் கவுன்டருக்குப் பக்கத்துக் கழிப்பறை. வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கையில் சின்ன வாய் வைத்த பாட்டில். பதற்றத்தில் முதல் பகுதி வெளியே சிந்திவிடும். விந்தணுக்கள் அதிகம் இருப்பது அந்த முதல் பகுதியில்தான். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும். சிந்திவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால், இன்னொரு நாள் வரச்சொல்லுவார்கள். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். முந்தைய நாள் உறவு கொண்டவருக்கு அளவு குறைவதில் அதிசயம் இல்லை. வீட்டிலேயே எடுத்தால் உடம்புச் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக்கூடாது; அதிலுள்ள பொருள்கள் அணுக்களைக் கெடுத்துவிடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதும் விதி. ஒரு விந்தணு முழுதாக உருவாக சுமார் இரண்டரை மாதம் பிடிக்கிறது. நடுவில் வந்த ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையை இறக்கிவிடும்.

சரியாக எடுத்தும் அளவு குறைந்தே இருந்தால்தான் காரணம் தேட வேண்டும். முதல் காரணம் வயது. ஐம்பது, அறுபது என்று போகப்போகச் சுரப்பிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பும். இருபதில் இருந்த அளவு அறுபதில் இல்லை என்பதற்கு மருந்து தேடுவது, நரைக்கு மருந்து தேடுவது போல.

இரண்டாவது, மருந்துச் சீட்டு. புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சிலோடோசின் போன்ற மாத்திரைகள் விந்து வெளியே வருவதை வெகுவாகக் குறைத்துவிடும். சிலருக்கு வராமலே போகும். மாத்திரையை மாற்றினால் பழைய நிலை திரும்பும். வழுக்கைக்காக இளைஞர்கள் சாப்பிடும் ஃபினாஸ்டரைடும் அளவைக் குறைக்கக்கூடியது. சில மனநல மருந்துகளும் அப்படியே. இதெல்லாம் மாத்திரை எழுதும்போதே சொல்லவேண்டிய விஷயம். க்யூவில் முப்பது பேர் காத்திருக்கும்போது சொல்ல டாக்டருக்கு நேரமில்லை. கேட்க நோயாளிக்குத் தைரியமில்லை. தானாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. எழுதியவரிடம் போய்க் கேட்பதுதான் வழி.

மூன்றாவது, அடைப்பு. விந்துப் பையிலிருந்து வரும் நீரும் விதையிலிருந்து வரும் அணுக்களும் சேர்ந்து வெளியேறும் குழல் அடைபட்டுப்போனால் அளவு மிகவும் குறையும். அணுக்கள் ஒன்றுகூட இருக்காது. பிரக்டோஸ் இருக்காது. காரத்தன்மை இருக்கவேண்டிய நீர் அமிலமாக இருக்கும். பழைய தொற்று, புரோஸ்டேட்டில் ஒரு நீர்க்கட்டி, இந்தியாவில் முக்கியமாகக் காசநோய் இதற்குக் காரணமாகலாம். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சிலருக்கோ பிறக்கும்போதே விந்து நாளங்கள் இரண்டும் இல்லாமல் இருக்கும். ஒரு குறிப்பிட்ட மரபணுவின் கோளாறு அது. அனுபவமுள்ள டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இப்படிப்பட்டவர்களின் விதையில் அணுக்கள் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும். வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான். ஊசியால் அவற்றை எடுத்து, ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1992இல் பெல்ஜியத்தில் வெற்றி கண்டது. மனைவியின் பக்கம் தடை இல்லாவிட்டால் இவர்களும் இன்று தகப்பனாக வாய்ப்பு உண்டு.

நான்காவது, ஹார்மோன். டெஸ்டோஸ்டெரோன் மிகவும் குறைந்தால் சுரப்பிகள் சுருங்கி அளவு குறையும். ஆசையும் குறையும், சோர்வு வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறைந்திருப்பதை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் வந்தால், நமக்கு வேலையில்லை என்று விதைகள் கடையை மூடிவிடும். அணு எண்ணிக்கை சரிந்து பூஜ்யத்துக்கே போகலாம். குழந்தைக்காக ஊசி போட்டுக்கொண்டு குழந்தைக்கான வாய்ப்பை அழித்துக்கொள்பவர்கள் உண்டு. ஜிம்மில் தோள் பெருக்க ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் பையன்களுக்கும் இதே கதி.

ஐந்தாவது காரணம், லேக் மார்க்கெட்காரருடையது. வெளியேற வேண்டிய நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விந்து முன்னால் வரும். அந்தத் தசையை இயக்கும் நரம்புகளைப் பல வருடச் சர்க்கரை நோய் அரித்துவிடும். கதவு மூடாது. விந்து திரும்பிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உணர்வு இருக்கும்; வெளியே எதுவும் வராது. புரோஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் இது வரலாம். உடம்புக்கு இதனால் தீங்கு இல்லை. அடுத்த முறை சிறுநீர் போகும்போது வெளியேறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிதானது. உச்சத்துக்குப் பிறகு வரும் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நண்பர் ஒருவர் வற்புறுத்தலில் கடைசியில் சிறுநீரக டாக்டரிடம் போன நம் ஆளிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சர்க்கரை எத்தனை வருடமாக என்பது. இரண்டாவது, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. சிறுநீரில் அணுக்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஏழு வருடக் கேள்விக்கு ஒரு காலை நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது.

சிலருக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும் மாத்திரைகள் பலன் தரும். தராவிட்டால், சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் குறைத்துவிட்டு, அதிலிருந்து அணுக்களைப் பிரித்துக் கழுவி, மனைவியின் கருப்பையில் செலுத்தலாம். வெற்றி நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்பதாவது தெரிந்துவிடுகிறது. அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொன்னார் என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். லேப்ராஸ்கோப்பியின் தழும்புக்கு அவர் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும்.

இந்த நோட்டீஸ்களுக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954இல் வந்தது. இன்பத்துக்கான சக்தியைக் கூட்டித் தருவதாக மருந்து விளம்பரம் செய்வதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நோட்டீஸ் இன்னும் இளமையாக இருக்கிறது. ரயில் பெட்டியில் இருந்த விளம்பரம் இப்போது செல்போனுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. மூலிகை என்று விற்கப்படும் மாத்திரைகளில் சில்டெனாஃபில் போன்ற அலோபதி மருந்துகளை ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், காலம். கணவன் லேகியம் சாப்பிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் மனைவியின் வயதும் கூடுகிறது. கருமுட்டைகள் காத்திருப்பதில்லை.

கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மறுத்ததன் விலை என்ன என்பது கொல்கத்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைப்பேறு பற்றிய மருத்துவத்தில் இந்தியாவின் முதல் பெரிய அடி இந்த ஊரில்தான் எடுத்துவைக்கப்பட்டது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் ஹார்மோன் ஆராய்ச்சி செய்தவர். கருக்குழாய் அடைபட்ட ஒரு பெண்ணின் முட்டையைச் சோதனைக்கூடத்தில் கருவாக்கி, அந்தக் கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு தாயின் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3ஆம் தேதி 'துர்கா' பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது.

பாராட்டு வரவில்லை, விசாரணைக் கமிட்டி வந்தது. மாநில அரசு அமைத்த அந்தக் குழுவுக்குத் தலைமை ஒரு ரேடியோ இயற்பியல் அறிஞர். டாக்டரின் கூற்று நம்பத்தகுந்ததல்ல என்று குழு முடிவு சொன்னது. குழந்தையின் பெற்றோரோ ஊர் வாய்க்கு அஞ்சி வெளியே வரவில்லை. வெளிநாட்டில் போய்த் தன் வேலையை எடுத்துச்சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19ஆம் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். வயது ஐம்பது. 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாயிற்று. அதை உருவாக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி. ஆனந்த் குமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் இடம் தமக்கல்ல, அவருக்கே என்று 1997இல் எழுதினார். 'துர்கா' என்ற கனுப்பிரியா அகர்வால் வளர்ந்து பெரியவளான பிறகு தானே முன்வந்து தன் பிறப்பைப் பற்றிப் பேசினார்.

அந்தப் பெற்றோரின் மௌனத்தையும் ரயில் நோட்டீஸை ரகசியமாகக் குறித்துக்கொள்பவரின் மௌனத்தையும் வேறு வேறு என்று சொல்வது கடினம். பிள்ளையில்லை என்பதைக் குறையாகவும், அதற்கு வைத்தியம் செய்துகொள்வதை அதைவிடப் பெரிய குறையாகவும் பார்க்கும் ஊரில் உண்மைக்கு இடம் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கேட்காமல் விடும் கேள்வியும், வீட்டில் ஒரு மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. குறை பெண்ணிடம்தான் இருக்கும் என்ற முடிவிலிருந்து.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. தனியாகவோ, மனைவியின் பிரச்சினையோடு சேர்ந்தோ. ஆணுக்கான முதல் பரிசோதனையில் கத்தி இல்லை, மயக்கமருந்து இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஒரு அகன்ற வாய் டப்பா, ஒரு மைக்ராஸ்கோப், விவரம் தெரிந்த ஒரு டெக்னீஷியன் போதும். பெண்ணுக்குச் செய்யும் எந்த ஸ்கேனையும்விட வலியில்லாதது. வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதலில் நடக்கவேண்டும். நடப்பது கடைசியில்.

குழந்தை வேண்டாதவருக்கும், ஏற்கெனவே பெற்றவருக்கும் அளவு கொஞ்சம் குறைந்ததில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் திடீரென்று அடியோடு நின்றுபோனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது எடுத்துப்போக வேண்டியவை இரண்டு: சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட். மூன்றாவதாக மனைவியும் கூட வந்தால், சொல்லவேண்டியதை ஒரே தடவை சொன்னால் போதும்.